அறுபது நிமிட கேசட்டில் அறுந்துபோன பாட்டு

நேற்று மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் கன்ஸ் அண்ட் ரோசஸ் என்ற அமெரிக்க ராக் இசைக் குழுவை நேரில் பார்த்துவிட்டேன். கால் இன்னும் வலிக்கிறது. மே மாதப் புழுக்கத்தில் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

திருச்சியில் பள்ளியில் படித்த காலத்தில் நண்பனின் அண்ணன் பதிவு செய்து கொடுத்த அறுபது நிமிட கேசட்தான் எனக்கு எல்லாம். அதில் அவர்களுடைய 'நவம்பர் ரெயின்' என்ற ஒன்பது நிமிடப் பாட்டு ஏழாவது நிமிடத்தில் டக்கென்று நின்றுவிடும். நாடா தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பாட்டே அங்குதான் முடிகிறது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்!

2012இல் இவர்கள் பெங்களூரு வந்தபோது ஸ்லாஷ் குழுவில் இல்லை. கிதாரில் அவர் இல்லாமல் என்ன கச்சேரி என்று வீம்பாக இருந்துவிட்டேன். 1996இல் பிரிந்தவர் 2016இல்தான் திரும்பி வந்தார்.

பாடகர் ஆக்சல் ரோஸுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குரல் பல இடங்களில் நூலாக இளைத்துவிட்டது, மறைப்பானேன்? ஆனால் அவர் பியானோவில் உட்கார்ந்து அந்தப் பாட்டைத் தொடங்கியதும் என் கணக்கு ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடம், ஆறு, ஏழு... நாடா தீரவில்லை. உயரத் தொப்பியோடு ஸ்லாஷ் வாசித்துக்கொண்டே இருந்தார்.

படம் எடுக்க மறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன், "நான் அனுப்புகிறேன் அங்கிள்" என்று எண்ணை வாங்கிக்கொண்டான். இன்னும் வரவில்லை.