மரத்தடியில் ஒரு மீட்டர் மண்

வடசென்னைக் கல்லூரி வளாகம் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். கட்டடங்கள் இடிபட்டதையும் எழுந்ததையும் அருகிலிருந்து பார்த்தவன். அங்கே நடந்த மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால், தரைமட்டம் உயர்ந்ததுதான் என்பேன்.

சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்த கட்டடங்களை உயர்த்திக் கட்டினார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றிலும் மண் கொட்டி முற்றத்தையும் சேர்த்து உயர்த்தியதைத்தான் ஏற்க முடியவில்லை. கடலோரச் சமவெளி இது. தண்ணீர் தானாக ஓடிப்போகச் சரிவு இல்லை. புதிய கட்டடத்தைச் சுற்றி நிற்க வேண்டிய நீர், பழைய கட்டடத்தின் வாசலுக்கு வந்தது.

அந்தப் பழைய கட்டடம் மெட்ராஸ் டெரஸ் கூரை கொண்டது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் காரையால் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து இடித்துக் கெட்டித்து, கடைசியாக ஓடு பதிப்பார்கள். மே மாத நடுப்பகலிலும் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்க முடியும். ஈரம் ஏறிய சுவரைச் சரிசெய்கிறோம் என்று சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, சுவரெல்லாம் உப்புப் பூத்தது. கடைசியில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் காரை குழைக்கத் தெரிந்த முதிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு பக்கச் சுவரை மட்டும் பழைய முறையில் பூசவைத்தோம். நிதி அவ்வளவுதான் கிடைத்தது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தது. மறுநாள் வளாகத்துக்குள் நடக்கவே வழியில்லை. குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி எல்லாம் சாய்ந்து கிடந்தன. ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடியைக் காட்டித் தோட்டக்காரர் சொன்னார்: “பாருங்கள் சார், இந்தப் பக்கம் வேரே இல்லை. கேபிளுக்குப் பள்ளம் தோண்டியபோது வெட்டிவிட்டார்கள்.” சாய்ந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பலவற்றில் ஒரு பக்க வேர் வெட்டுப்பட்டிருந்தது. சிலவற்றில் அடிமரம் வரை சிமெண்ட் கல் பதித்திருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. புயலின் கணக்கில் எழுதப்பட்ட மரங்களில் எத்தனை எங்கள் கணக்கில் வந்திருக்க வேண்டியவை!

காலியான இடங்களில் கொரியன் புல்லும் அலங்காரப் பனைகளும் வந்தன. மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்த கதை வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் கிணற்றிலும் உப்பு. புல்லுக்கு லாரித் தண்ணீர்தான். 2019 கோடையில் புழல் ஏரியே வறண்டு, குடிக்கத் தண்ணீர் தேடிய நேரத்தில் புல் கருகியது. பூவரசும் புங்கனும் எதையும் கேட்காமல் நின்றன.

அதன் பிறகு நான் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றைத்தான்: மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குச் சிமெண்டோ கல்லோ இல்லாத வெறும் மண். டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் பிறப்பித்த உத்தரவு அதுதான். அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். ஒப்பந்தக்காரர் தளம் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றார். நூலகத்தை ஒட்டிய வரிசையில் மட்டும் கற்களைப் பெயர்த்தார்கள். அடுத்த மழையில் அங்கே தண்ணீர் தேங்கவில்லை.

இப்போது புதிய ஆய்வகத்துக்கு வரைபடம் தயாராகிறதாம். இருக்கும் மரங்கள், வேர் பரவும் எல்லை, பழைய வாசற்படியின் மட்டம் மூன்றையும் அதில் குறிக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறேன்.