பழுப்புத் துணுக்கு

"உங்க கிச்சன்ல கோதுமை புழங்குமாக்கா?" என்று அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டார். "இதுல மாவே கிடையாதும்மா, பயப்படாதீங்க" என்று நான் சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். கேள்வி நேரானது. பதிலிலும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதில் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்டதன்று; அவர் கேட்காத, எனக்கு வசதியான வேறொரு கேள்விக்குச் சொல்லப்பட்டது. அவர் சமையலறையைப் பற்றிக் கேட்டார், நான் குக்கீஸைப் பற்றிச் சொன்னேன். இதை உணர்ந்துகொள்ள எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்கு அது தெரிந்திருந்தது.

வீட்டிலிருந்தபடி ஆர்டர் எடுத்துச் செய்பவர்களுக்கு நட் பட்டர் குக்கீஸைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 250 கிராம் பீனட் பட்டர், 150 கிராம் பிரவுன் சுகர், ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி பேக்கிங் சோடா, இரண்டு சிட்டிகை உப்பு. கலந்து, 25 கிராம் உருண்டைகளாக உருட்டி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தி, 175 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் முடிந்தது. மாவு செய்ய வேண்டிய வேலையை முட்டையின் புரதமும் கடலையின் புரதமும் பகிர்ந்துகொள்கின்றன. ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு தொட்டால் மணலாக உதிரும். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டுவிட்டால் தானாக இறுகிக்கொள்ளும். பாதாம் பட்டரில் செய்தால் கலவை தளர்ந்து பரவும் என்பதால் உருண்டைகளைச் சற்று நேரம் குளிர வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய பண்டம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அப்படித்தான் செய்தும்விட்டேன்.

அன்று காலை இரண்டு கேக்குகளுக்கு அதே மேடையில் கோதுமை மைதாவைச் சலித்திருந்தேன். மேடையைத் துடைத்தேன், பாத்திரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். குக்கீஸுக்கு இரு மடங்கு அளவு தேவைப்பட்டது. புதிதாகப் பிரித்த பீனட் பட்டர் பாட்டில் போதவில்லை. தராசில் 100 கிராம் குறைந்தது. வீட்டு உபயோகத்துக்கென்று வைத்திருந்த பாதி பாட்டிலை எடுத்து அதிலிருந்து வழித்துப் போட்டேன். அது காலை உணவு மேசையில் இருந்து வரும் பாட்டில். ரொட்டியில் தடவிய கத்தி, மறுபடியும் அதே பாட்டிலுக்குள் போகும். எந்த வீட்டிலும் அப்படித்தான் போகும். வழித்த கரண்டியின் விளிம்பில் எள்ளளவுக்கு ஒரு பழுப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

கடலைத் தோலா, ரொட்டியின் ஓரமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே நிறம். எண்ணெயில் ஊறிவிட்டால் இரண்டும் ஒரே போல மெத்தென்று ஆகிவிடும். நகத்தால் கிள்ளி எடுத்துத் தொட்டியில் உதறிவிட்டுக் கலக்கத் தொடங்கினேன். இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. அப்போது என் மனத்தில் ஓடியது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அன்று, கலவை மழமழப்பாக வர வேண்டும் என்பது மட்டுமே.

ஆர்டர் குறுஞ்செய்தியில் வந்திருந்தது: "குளூட்டன் இல்லாத குக்கீஸ் செய்வீர்களா?" உடல் எடைக்காகவும் ஒரு பழக்கமாகவும் கோதுமையைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர் கேட்பதால், இவரையும் அந்த வரிசையில்தான் வைத்திருந்தேன். முதல் தட்டு ஓவனுக்குள் போய் ஐந்து நிமிடம் ஆனபோது அவர் அழைத்தார். மகனுக்கு ஏழு வயது என்றும், நான்கு மாதங்களுக்கு முன்பு சீலியாக் நோய் என்று, அதாவது குளூட்டன் சிறிதளவு உள்ளே போனாலும் சிறுகுடலைச் சேதப்படுத்தும் நோய் என்று, உறுதியானது என்றும் சொன்னார். அவர் குரலில் பதற்றம் இல்லை. பலரிடம் பலமுறை சொல்லித் தேய்ந்துபோன சொற்களை ஒருவர் சொல்லும் விதத்தில் சொன்னார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

என் பதிலில் எந்தச் சொல் தவறு என்று பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். "மாவே கிடையாது" என்பதில் தவறில்லை. "பயப்படாதீங்க" என்பதுதான் தவறு என்று இப்போதைக்கு நினைக்கிறேன். பயம் அவருடையது, நான்கு மாதங்களில் ஒவ்வொரு பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படித்துப் படித்து அவர் சேர்த்து வைத்திருந்த பயம் அது, மகனைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததும் அதுதான். அதைக் கீழே வைக்கும்படி சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? அவர் கீழே வைத்தார். "அப்ப சரிக்கா" என்றார்.

வாடிக்கையாளரை இழந்துவிடுவேன் என்று அஞ்சித்தான் அப்படிச் சொன்னேனா? அப்படி இருந்தால் ஒப்புக்கொள்வது எளிது. ஆனால் உள்ளபடி பார்த்தால் அந்தக் கேள்வி என்னைச் சற்றுச் சுட்டுவிட்டது. என் சமையலறை சுத்தமானது என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. "கோதுமை புழங்குமா?" என்பது என் காதில் "பூச்சி உண்டா?" என்பது போல விழுந்தது. கோதுமையை அழுக்காக நினைக்க எனக்குப் பழக்கமில்லை. அது உணவு; கை கழுவிவிட்டுத் தொடும் பொருள். சுத்தமான சமையலறை வேறு, கோதுமை இல்லாத சமையலறை வேறு என்ற எளிய வேறுபாடு, பல ஆண்டுகள் அடுப்படியில் நின்ற எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை என்று சொல்லலாம். உறைத்தும் ஒதுக்கினேன் என்றும் சொல்லலாம்.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, கடலை ஒவ்வாத ஒருவருக்காகச் சூரியகாந்தி விதை பட்டரில் இதே குக்கீஸைச் செய்து கொடுத்திருந்தேன். மறுநாள் உட்புறம் பச்சையாக இருக்கிறது, பூசணம் பிடித்துவிட்டது என்று புகார் வந்தது. சூரியகாந்தி விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் பேக்கிங் சோடாவின் காரத்தன்மையோடு வினைபுரிந்து பச்சை நிறம் தரும், உடலுக்குத் தீங்கில்லை, சோடாவைக் குறைத்தாலோ சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தாலோ பச்சை குறையும் என்று நீண்ட பதில் ஒன்றை எழுதி அனுப்பினேன். அதை எழுதும்போது எனக்கு இருந்த உற்சாகம் நினைவிருக்கிறது. கேள்வி என் அறிவைக் காட்ட இடம் தந்தால் மூன்று பத்தி. என் அடுப்படியைத் திறந்து காட்டச் சொன்னால் ஒற்றை வரி.

அன்றிரவு படித்தேன். குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவைக் குறிப்பிடப் பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். படித்ததும் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் கலவை ஏறக்குறைய 900 கிராம். அதற்கு 18 மில்லிகிராம் குளூட்டன்தான் அனுமதி. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், 0.18 கிராம் மாவு. முப்பத்தாறு குக்கீஸுக்கும் சேர்த்து இரண்டு விரல் நுனியில் அடங்கும் மாவு! எள்ளளவுத் துணுக்கு ஒன்று அந்த வரம்பைத் தாண்டாது என்று முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு, நான் கண்ட துணுக்கு ஒன்று, காணாதவை எத்தனை என்று தோன்றியது. காலையில் சலித்த மாவின் தூசு மணிக்கணக்கில் காற்றில் நின்று பிறகு படியும் என்பதையும், மரக் கரண்டியின் வெடிப்புகளிலும் சல்லடைக் கண்ணிகளிலும் கழுவிய பிறகும் மாவு தங்கும் என்பதையும் அதே இரவில்தான் படித்தேன். நான் கலக்கியது மரக் கரண்டியால். 175 டிகிரி சூடு கிருமியைக் கொல்லும். குளூட்டனை ஒன்றும் செய்யாது.

இந்த நோயின் பழைய வரலாற்றில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. 1924-ல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர், சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்துத் தேற்றினார். ரொட்டியையும் அவர் நிறுத்தியிருந்தார். ஆனால் பலன் வாழைப்பழத்துக்குரியது என்று நம்பினார். கோதுமைதான் காரணம் என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950-ல் தம் ஆய்வேட்டில் காட்டினார். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலோர் தட்டில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தட்டில் இல்லாததை அல்ல. நான் அதற்குத் தலைகீழ்: கிண்ணத்தில் இல்லாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, கிண்ணத்தைச் சுற்றி இருந்ததைப் பாராமல் விட்டேன். மருத்துவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தூக்கம் வராத இரவில் இப்படித்தான் எண்ணம் ஓடும்.

குக்கீஸை மறுநாள் காலையிலேயே அவர் வாங்கிக்கொண்டு போனார். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, நான் அவரைப் பார்க்காமல் மூடியின் ஒட்டுத்தாளை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதில் என் கையெழுத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று இருந்தது.

நான்கு நாள் கழித்து அவரே அழைத்தார். பையன் எல்லாவற்றையும் தின்றுவிட்டான், வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை, மறுபடியும் அதே அளவு வேண்டும் என்றார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த நோயில் வெளியே ஓர் அறிகுறியும் தெரியாமலே சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் சேதமடையலாம் என்பதை அதற்குள் படித்துவிட்டிருந்தேன். "ஒன்றும் செய்யவில்லை" என்பது எனக்கு நற்சான்று ஆகாது. அதனால் சொன்னேன். கோதுமை புழங்கும் அடுப்படி, வீட்டு பாட்டில், மரக் கரண்டி, துணுக்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். இனிமேல் முத்திரை பிரிக்காத பாட்டில், அதற்கென்றே தனிப் பாத்திரம், கோதுமை தொடாத நாளின் முதல் வேலையாக இது என்று மாற்றிக்கொண்டேன், அப்போதும் உத்தரவாதம் சொல்ல முடியாது, முடிவு உங்களுடையது என்றும் சொன்னேன்.

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அவன் தினமும் கேக்குறான்கா. இப்ப அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அதற்கு என்னிடம் ஒற்றை வரிகூட இல்லை. "மன்னிச்சுடுங்கம்மா" என்றேன். "பரவாயில்லைக்கா" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் ஆர்டர் செய்யவில்லை. நானும் அழைக்கவில்லை.

உண்மையைச் சொன்னது சரிதான் என்று சில நாட்கள் தோன்றுகிறது. வேறு சில நாட்களில், அந்த உண்மையை நான் யாருக்காகச் சொன்னேன் என்று சந்தேகம் வருகிறது. சாப்பிட்டது சாப்பிட்டாயிற்று. இரண்டாவது ஆர்டரை மாற்றிய முறையில் எச்சரிக்கையாகச் செய்து கொடுத்திருந்தால், பையனுக்குக் குக்கீஸும் அவருக்கு நிம்மதியும் கிடைத்திருக்கும்; பாரம் என்னோடு இருந்திருக்கும். நான் அதை இறக்கி அவர் தலையில் வைத்தேன். ஆனால் இப்படி நினைப்பதும், அன்று "பயப்படாதீங்க" என்று சொன்ன அதே வாயின் வேலையாக இருக்கக்கூடும். அவருக்கு எது நல்லது என்று அவருக்காக நானே மீண்டும் தீர்மானிக்கிறேன் அல்லவா?

மாற்றங்களை நான் கைவிடவில்லை. நீல மூடி போட்ட தனிப் பெட்டியில் சிலிக்கான் கரண்டி, கிண்ணம், தட்டு, பேக்கிங் தாள் எல்லாம் இருக்கின்றன. அதில் உள்ள பாட்டிலின் முத்திரையை இன்னும் பிரிக்கவில்லை. சீலியாக் என்று சொல்லி வேறு யாரும் இதுவரை கேட்கவில்லை. மற்றவர்களுக்கு வழக்கம் போலச் செய்கிறேன். டப்பாவின் மீது இப்போது "குளூட்டன் இல்லாதது" என்று எழுதுவதில்லை. யோசித்து யோசித்து வேறொரு வாசகத்தைத் தேர்ந்தெடுத்து அச்சடித்து வைத்திருக்கிறேன்: "கோதுமை மாவு சேர்க்கப்படவில்லை." சென்ற வாரம் அந்த ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான், அன்று தொலைபேசியில் நான் சொன்ன வாக்கியத்தைத்தான் எழுத்துத் தமிழில் அச்சடித்திருக்கிறேன் என்பது தெரிந்தது. கையில் இருந்ததை ஒட்டிவிட்டு, அடுத்த தாளை உரித்தேன்.