அபயக் கையும் ஆரோக்கிய மாதாவும்

வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் பெரும்பாலும் நாகப்பட்டினத்தில் நிற்பதில்லை. கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். ஆகஸ்ட் 29 அன்று கொடி ஏறிவிட்டால் செப்டம்பர் 8, மாதா பிறந்த நாள் வரைக்கும் அந்தக் கடற்கரையில் மணலே தெரியாது, தலைகள்தான். நானும் பல வருடம் நாகையை ஒரு பார்வையோடு தாண்டிப் போனவள்தான். இந்த முறை ஒரு நாள் முன்னதாக வந்து அங்கே தங்கினேன், இப்போது அங்கே இல்லாத ஒன்றைத் தேடி.

சூடாமணி விகாரம். கடலுக்கு அப்பால் சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜய நாட்டின் அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் சூளாமணிவர்மன் பெயரால் எழுப்பிய பௌத்தப் பள்ளி. சிவபக்தனான ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே அதற்கு விட்டுக்கொடுத்தான். கடல் கடந்து வந்தவர்கள் கும்பிட ஓர் இடம் வேண்டும், அதற்கு நிலம் கொடுப்போம் என்று நினைத்த காலம். அந்தத் தானத்தைச் சொல்லும் செப்பேடுகள் பிற்பாடு நெதர்லாந்தின் லெய்டன் நகர் வரை போனதால் அவற்றுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

விகாரம் அழிந்த பிறகும் ஒரு செங்கல் கோபுரம் மட்டும் நாகையில் நெடுங்காலம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றார்கள். சீனக் கோபுரம் என்றும் சொன்னார்கள். கப்பலில் வருகிறவர்களுக்கு அதுதான் கரையின் அடையாளம். 1867இல் அது இடிக்கப்பட்டது. அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி இடித்தவர்கள் இயேசு சபைக் குருக்கள்.

இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்தச் சபைக் குரு ஒருவர். எங்கள் வீட்டில் எழுத்து நுழைந்ததே அவர்கள் பள்ளி வழியாகத்தான். அந்த நன்றி எனக்குக் குறையவில்லை. ஆனால் நன்றி இருக்கிறது என்பதற்காக அந்த இடிப்பைச் சின்ன விஷயமாக்கவும் என்னால் முடியவில்லை. கோபுரம் நின்ற பகுதி என்று சொல்லப்படும் இடத்தில் காலையில் போய் நின்றேன். கும்பிட ஒரு கல்கூட இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு நின்றேன். பிறகு 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' சொன்னேன். 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்ற வரி வந்தபோது அடுத்த வரிக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது அப்பாவால். கடைசி இரண்டு வருடம் அவருக்கு ஞாபகம் போய்விட்டது. "அம்மா எங்க?" என்று ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை கேட்பார். அம்மா போய் அதற்குள் ஆறு வருடம். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் கேட்பதுபோல ஒவ்வொரு முறையும் அழுவார். ஐந்தாவது தடவைக்கு மேல் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். ஜெபமாலை கையில் இருக்கும்போதே கத்தியிருக்கிறேன்.

அந்த நாட்களில் தோழி ஒருத்தி ஆனாபானசதி என்ற பௌத்த மூச்சுத் தியானத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மூச்சு உள்ளே போகிறது, தெரிகிறது. வெளியே வருகிறது, தெரிகிறது. அவ்வளவுதான். நம்பிக்கை வாக்குமூலம் எதுவும் கேட்காத பயிற்சி. அப்பா கேட்டதும் பதில் சொல்வதற்கு முன் ஒரே ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சில் எனக்குள் கோபம் கிளம்புவது தெரியும். தெரிந்துவிட்டால் அதற்குப் பாதி பலம் போய்விடும். அப்புறம்தான் அவர் முகம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. அது கேள்வி இல்லை, பயம் என்று புரிந்தது. பயப்படுகிறவரிடம் தகவல் சொல்லி என்ன ஆகும்? கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்பா" என்று சொல்லத் தொடங்கினேன்.

ஆனால் மூச்சு மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் அவர் விம்மும்போது, என்னால் தாங்க முடியாத பாரத்தை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியிருந்தது. மௌனத்தில் 'நீர்' என்று அழைக்க ஒருவர் வேண்டியிருந்தது. அங்கே எனக்கு இயேசுதான். புத்தர் படைத்தவரைப் பற்றிப் பேசவில்லை, துன்பம் எங்கிருந்து முளைக்கிறது, எப்படி அடங்கும் என்று காட்டினார். இயேசு துன்பத்துக்குள் இறங்கி வந்து சிலுவையில் கூடவே கிடந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று சிலர் சுலபமாகச் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. ஒன்றாக இருந்திருந்தால் எனக்கு இரண்டும் தேவைப்பட்டிருக்காது.

உறுத்தல் இல்லாமல் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னேன். கேட்ட குருவானவர் கண்டிப்பாரென்று நினைத்தேன். "அப்படி உட்கார ஆரம்பிச்ச பிறகு அப்பாகிட்ட எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "தொடர்ந்து செய்யுங்க" என்று பாவமன்னிப்புக் கொடுத்தார்.

கோபுரத்தை இடித்த அதே இயேசு சபையின் குருதான் ஆமா சாமி. முழுப்பெயர் அருள் மரிய ஆரோக்கியசாமி. அந்த ஆரோக்கியம் எந்த மாதாவிடமிருந்து வந்த பெயர் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜப்பானில் கமகுரா போய் யமாதா கோவுன் என்ற ஜென் குருவிடம் பயின்றார். 1996இல் கொடைக்கானல் பக்கத்தில் பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்ற தியான இல்லத்தைத் தொடங்கினார். இடித்ததற்கு இது ஈடு என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிக் கணக்கு நேராகாது. என்றாலும் நாகையில் நின்றபோது பெருமாள்மலையை நினைத்துக்கொண்டேன், மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் விடியுமுன் வேளாங்கண்ணிக்கு நடந்தேன். தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காவி உடுத்திய கூட்டங்கள் "மரியே வாழ்க" என்று குரல் கொடுத்துக்கொண்டு வேகமாகத் தாண்டிப் போயின. நான் மெதுவாக, பாதம் பதிவதைக் கவனித்தபடி நடந்தேன். மூச்சு உள்ளே போகும்போது 'அருள் நிறைந்த மரியே வாழ்க', வெளியே வரும்போது மீதி. சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம். அன்றைக்குத்தான் அதன் கடைசி வரி என்னை நிறுத்தியது: 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்.' மாதாவிடம் நாம் கேட்பது இரண்டே இரண்டு நேரங்களுக்குத்தான். இந்தக் கணம், சாகும் கணம். நேற்றைக்கும் கேட்கவில்லை, அடுத்த வருடத்துக்கும் கேட்கவில்லை. பௌத்தத் துறவிகள் பழகுவதும் இந்த இரண்டையும்தானே, இந்தக் கணத்தில் விழித்திருப்பதையும், மரணசதி என்கிற சாவை நினைத்திருக்கும் பயிற்சியையும். ஒரு ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று தடவை இதைச் சொல்லியும் நாற்பது வருடம் என் காதில் விழாமல் போயிருக்கிறது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் முன்பு பார்த்த செப்புத் திருமேனிகளும் வழியில் நினைவுக்கு வந்தன. 1856 முதல் நாகை மண்ணிலிருந்து சுமார் 350 பௌத்தத் திருமேனிகள் கிடைத்திருக்கின்றன. தலைமேல் தீச்சுடர், உயர்த்திய வலக்கை. அஞ்சாதே என்கிற கை. கடலில் நடந்து வந்த இயேசு சீடர்களிடம் சொன்னதும் அந்தச் சொல்தான். இந்தக் கரையில் அதைக் கேட்க ஏங்கியவர்கள் எல்லாரும் கடலுக்குப் பயந்தவர்கள். ஸ்ரீவிஜயத்து வணிகரும் அப்படித்தான், புயலில் தப்பிக் கரையேறியதும் மாதாவுக்குக் கோயில் கட்டிய போர்ச்சுகீசிய மாலுமிகளும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26 காலையில் இதே மணலில் இருந்தவர்களை நினைத்தால் அந்தச் சொல் தொண்டையில் சிக்குகிறது. அப்படியும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பேராலயத்தில் மாதா புடவை கட்டி, குழந்தையை ஏந்தி நிற்கிறாள். ஒரு தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல எல்லா உயிர்களிடமும் அன்பு வளர்க்கச் சொன்னார் புத்தர். அந்தப் போதனையைத் தியானிக்கும்போதெல்லாம் எனக்கு மனசில் வரும் தாய் முகம் இதுதான். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, அப்பாவுக்காகக் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலிட்டேன். பக்கத்தில் ஓர் அம்மா, என்னைவிடச் சிறியவர், முந்தானையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு முழங்காலிலேயே நகர்ந்துகொண்டிருந்தார். நலமாய் இரு, பயமின்றி இரு என்று அவருக்காக மனதுக்குள் சொல்லிக்கொண்டே கூட நகர்ந்தேன். நடுவில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டார்: "அக்கா, நீங்க யாருக்கு வேண்டிக்கிட்டீங்க?"

"ஒரு கோயிலுக்கும்மா. இடிச்சுட்டாங்க."

"எந்த ஊர்க் கோயில்?"

"இங்கதான், நாகை."

குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். "கவலைப்படாதீங்க அக்கா, மாதா கட்டிக் குடுப்பா" என்று சொல்லிவிட்டு முழங்காலை முன்னே வைத்தார். நானும் வைத்தேன்.