கடலுக்கு மேல் இரண்டு ராத்திரி, கெட்டிலில் உப்புமா

மாலத்தீவு ரிசார்ட்டில் மெனு அட்டையில் பீட்சா 28 டாலர். பில்லில் 36. சாப்பிட்டு முடித்த பிறகுதான் 28-க்குப் பக்கத்தில் குட்டியாக இரண்டு கூட்டல் குறி இருந்ததைக் கவனித்தோம். முதல் கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். அதையும் சேர்த்து, அதன் தலையில் 17 சதவீத வரி இரண்டாவது கூட்டல். நம் காசுக்கு 3,200 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தக் காசுக்கு மதுரையில் ஆறு பேர் கறி தோசை தின்று, ஜிகர்தண்டா குடித்து, மிச்சத்தில் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வரலாம். பீட்சா நன்றாகவும் இல்லை.

சரி, வயிற்றெரிச்சலை இறக்கி வைத்தாயிற்று. இனி வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கல்யாணமாகி இருபது வருஷம் ஆனதற்காக மாலத்தீவு. தண்ணீருக்கு மேல் வீடு கட்டி விட்டிருக்கிறார்களே, அதில் ஒரு தடவையாவது தங்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. மாமனாரிடம் போட்டோவைக் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுக்கு எதுக்கும்மா பிளேனு? தெப்பக்குளத்து மைய மண்டபத்துல ஒரு கட்டிலப் போட்டுப் படுத்தா இதேதான்" என்றார். தப்பென்று சொல்ல முடியாது. திருமலை நாயக்கர் 1645-லேயே அந்த ஏற்பாட்டை முடித்து வைத்துவிட்டார். ஆனால் நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் அந்தக் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பணம் சீட்டுப் பணம். 3 லட்சம் சீட்டில், ஏலத்தில் தள்ளியது போகக் கைக்கு வந்தது 2,60,000. அதற்குள் முடிக்க வேண்டும் என்று சத்தியம் செய்துகொண்டுதான் ஆரம்பித்தோம். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் காலாண்டு லீவு தவிர வழியில்லை. செப்டம்பர் கடைசி அங்கே மழைக்காலம். அதனாலேயே ரூம் மலிவு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும், விலையும் வானத்தில் இருக்கும். எங்களுக்கு ஒரே ஒரு மத்தியானம்தான் மழை பிடித்தது.

மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து மாலே. நம் ஊர்க்காரர்களுக்கு விசா அங்கே போய் இறங்கியதும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் இமுகா என்று ஒரு ஆன்லைன் படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம்தான். காசு கேட்கிற போலி இணையதளங்கள் இருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போது நம் டிராவல் ஏஜென்ட். மதுரையில் ஏசி ரூமில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "ஒரு ராத்திரிக்கு வெறும் 520 டாலர்க்கா" என்றார். அந்த "வெறும்" என்ற சொல்லை நான் மறக்கமாட்டேன். 520-ல் இதே இரண்டு கூட்டலும் ஏறி 669. ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி, இரண்டு பேருக்கு 24. ஆக 693. டாலருக்கு 90 என்று வைத்தால் ஒரு ராத்திரிக்கு 62,000 ரூபாய்க்கு மேல். அதோடு விட்டாரா? விமான நிலையமும் ஒரு தீவு, ரிசார்ட்டும் ஒரு தீவு. நடுவில் இருப்பது கடல். அதைக் கடக்க ஸ்பீடு போட்டுக்குப் போக வர ஆளுக்கு 180 டாலர், அது தனி என்பதைப் பணம் கட்டிய பிறகு வாட்ஸ்அப்பில் சொன்னார். நீந்தியா போவோம் என்று நினைத்தார்?

தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம்தான். அது இருட்டினால் பறக்காது. சாயங்காலம் மாலேயில் இறங்குகிறவர்கள் ஒரு ராத்திரி அங்கேயே தண்டமாகத் தங்க வேண்டியிருக்கும். ஸ்பீடு போட் போகிற தூரத்தில் ரிசார்ட் பார்ப்பதே நம் மாதிரி ஆட்களுக்கு நல்லது.

முதல் இரண்டு ராத்திரி மாஃபுஷி என்ற ஊரில் கெஸ்ட் ஹவுஸ். அது ஜனங்கள் குடியிருக்கிற தீவு. பள்ளிவாசல், மளிகைக்கடை, ஸ்கூட்டர் எல்லாம் உண்டு. அங்கே பசுமை வரி பாதிதான். காலை டிபனுக்கு மாஸ் ஹுனி வைத்தார்கள். காய்ந்த சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தது, தொட்டுக்கொள்ள மெல்லிய சப்பாத்தி. ஒரு வாய் வைத்ததும் இவர், "இது நம்ம மாசிக் கருவாடுல்ல!" என்று கத்தினார். அதேதான். அவர்கள் மொழியில் மாஸ் என்றால் மீன். இளநீருக்கு அவர்கள் சொல்வது குரும்பா. நாம் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்கிறோம். 1972-ல் அந்த நாட்டில் திறந்த முதல் ரிசார்ட்டுக்கும் குரும்பா என்றுதான் பெயர். மூன்றாவது தட்டு கேட்டபோது கெஸ்ட் ஹவுஸ்காரர் சிரித்துவிட்டார். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு அதுதான், ரிசார்ட் பஃபேயையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்புறம் அந்த வீடு.

மரப்பலகை போட்ட நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் வரிசையாகக் கூரை வீடுகள். ஒவ்வொன்றும் கான்கிரீட் கால்களில் கடலுக்குள் நிற்கிறது. இந்த யோசனை மாலத்தீவில் பிறந்ததில்லை. 1967-ல் பிரெஞ்சு பாலினேசியாவில் ராயாத்தேயா தீவில் ஹோட்டல் வைத்திருந்த மூன்று அமெரிக்கர்கள், மணல் கரை இல்லாததால் தண்ணீரிலேயே குடிசையை நட்டார்கள். கரை இல்லாத குறைக்குச் செய்தது, இன்றைக்குக் கரை வீட்டைவிட விலை அதிகம்.

கதவைத் திறந்ததும் பேசவில்லை, இருவரும். எதிரே கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் நிறம் நிறமாகத் தண்ணீர். காலடியில் தரையில் ஒரு கண்ணாடிச் சட்டம், அதற்குக் கீழே கோடு போட்ட மீன்கள். நான் அதை மிதிக்காமல் சுற்றியே நடந்தேன், இரண்டு நாளும். வெளியே பலகைத் திண்ணை, அதிலிருந்து நேரே கடலுக்குள் ஏணி. எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, சுடிதாரோடு, ஒவ்வொரு படியாக இறங்கினால் இடுப்பளவுதான் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. இவர் கிணற்றில் நீச்சல் பழகியவர். குதிக்காதீர்கள் என்று போட்டிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே குதித்தார். ஆழம் இல்லை, முழங்காலில் சிராய்ப்பு. டெட்டால் நான் கொண்டு போயிருந்தேன்.

சாயங்காலம் ஏணிக்குப் பக்கத்தில் சுறாக் குட்டிகள் வந்தன. முழங்கை நீளம், முதுகுத் துடுப்பின் நுனியில் மட்டும் மை தொட்டு வைத்த மாதிரி கறுப்பு. ஒன்றும் செய்யாது என்றார்கள். அது செய்யாமல் இருக்கலாம், நான் ஏறிவிட்டேன்.

ராத்திரி நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று மணி இருக்கும். படுக்கைக்குக் கீழே தூண்களில் தண்ணீர் மோதி சளப் சளப் என்று சத்தம். இவர் தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, தண்ணி வந்திருச்சு, மோட்டாரப் போடு" என்றார். இருபது வருஷமாக மாநகராட்சிக் குழாய்க்குக் காது கொடுத்தே தூங்கிய மனுஷன். நானும் பாதித் தூக்கத்தில் சுவிட்சைத் தேடி எழுந்துவிட்டேன், அதுதான் கொடுமை.

கடிகாரக் குழப்பம் வேறு. மாலத்தீவு நேரம் நமக்கு அரை மணி பின்னால். ஆனால் அந்த ரிசார்ட், விருந்தாளிகளுக்கு வெளிச்சம் நீளட்டும் என்று தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. படகு நேரத்தை எந்தக் கடிகாரத்தில் சொல்கிறார்கள் என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பேக்கேஜில் காலையும் ராத்திரியும்தான் சாப்பாடு. பீட்சா அனுபவத்துக்குப் பிறகு மறுநாள் மத்தியானம் என் அத்தையின் பை திறக்கப்பட்டது. வறுத்த ரவையில் கடுகு, கறிவேப்பிலை, முந்திரி எல்லாம் தாளித்துக் கலந்து கொடுத்திருந்தார். டீ கப்பில் போட்டு, கெட்டில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சாஸரால் ஐந்து நிமிஷம் மூடினால் உப்புமா. கூடவே ஆவக்காய். ஒரு சாம்பல் நாரை திண்ணை ஓரத்தில் வந்து நின்று எங்கள் கப்பையே பார்த்தது. 62,000 ரூபாய் ரூமில், சுறாவுக்கு மேலே உட்கார்ந்து கெட்டில் உப்புமா. பக்கத்து வில்லாவில் இருந்த வெள்ளைக்காரம்மா வாசனையைப் பார்த்துக் கையசைத்தார்.

ஒரு ராத்திரி மட்டும் எடுக்காதீர்கள். மத்தியானம் 3 மணிக்கு உள்ளே விட்டு மறுநாள் 12-க்கு வெளியே அனுப்பிவிடுவார்கள், பெட்டியைப் பிரித்துக் கட்டவே சரியாக இருக்கும். இரண்டு போதும், மூன்றாவதற்கு அவசியமில்லை. மூன்றாவது நாள் அந்த நீலம் பழகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. பட்ஜெட்? 2,60,000 தாண்டி இன்னும் 21,000 போயிற்று.

ஊருக்கு வந்த ஐந்தாம் நாள் சீட்டு அக்கா தவணை வாங்க வந்தார். இன்னும் 11 மாதம் கட்ட வேண்டும். போனில் வீடியோவை முழுக்கப் பார்த்தார். மீன், சுறா, சூரியன் இறங்குகிறது, எதற்கும் முகத்தில் அசைவில்லை. கடைசியில் பாத்ரூம் வந்தது.

"குழாய்ல வர்றது உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணிதான்க்கா. கடல் தண்ணியவே சுத்தம் பண்ணி விடுறாங்க."

"எத்தன மணிக்கு விடுறான்?"

"இருபத்திநாலு மணி நேரமும்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பச் சரி, குடுக்கலாம்" என்றார்.