கல் இல்லை, தகடு!

அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய கடைவீதிப் படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே ஊர் மாதிரி இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. முதலில் மரத்தால் கட்டிய கடைகள்தான், ஒரு தீ பிடித்தால் தெருவே போய்விடும். அப்புறம்தான் செங்கல் வந்தது.

சரி, அந்தக் கடைகளின் அலங்கார முகப்பு? பல இடங்களில் தபாலில் ஆர்டர் செய்ததாக இருக்கும்! செயின்ட் லூயிஸிலும் எவன்ஸ்வில்லிலும் மெஸ்கர் குடும்பத்தார் நடத்திய பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் ஊராக விலைப்பட்டியல் அனுப்பின. கடைக்காரர் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் முகப்பு ரயிலில் வந்து இறங்கும். மேலே செதுக்கிய கல் போலத் தெரிவது அச்சில் அழுத்திய தகடு. சந்தேகம் இருந்தால் வாசலில் குனிந்து வார்ப்பிரும்புத் தூணின் அடியைப் பாருங்கள். பல இடங்களில் கம்பெனி பெயரே பொறித்திருக்கும்.

1950, 60களில் ஷாப்பிங் சென்டர்களோடு போட்டி போட, இதையெல்லாம் அலுமினியத் தகடு போட்டு மூடினார்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் இப்போது அதைக் கழற்றினால், பல கட்டடங்களில் பழைய முகப்பு அதிகம் சேதமில்லாமல் உள்ளேயே இருக்கிறது.