பாட்டம் பிராக்கெட் மாற்றியதும் பெடல் கனத்துப் போச்சு

மழைக்காலம் முழுக்க சேற்றில் ஓட்டியதில் என் எம்டிபி-யின் (மலைப்பாதை சைக்கிள்) பாட்டம் பிராக்கெட்டுக்குள், அதாவது பெடல் கைகளை இணைக்கும் அச்சைத் தாங்குகிற பேரிங் பகுதிக்குள், தண்ணீர் போய்க் கரகரவென்று சத்தம் வந்தது. கடையில் கொடுத்துப் புதியது போட்டு வாங்கி வந்தேன். சத்தம் போய்விட்டது, ஆனால் வடவள்ளியிலிருந்து மருதமலை அடிவாரம் போவதற்குள் தொடை எரிந்துவிட்டது. எத்தனையோ தடவை போன ரோடு அது.

பின் பிரேக் உரசுகிறதோ என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், நன்றாகவே சுற்றியது. அப்புறம் செயினை முன் பல்சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டு கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) மட்டும் கையால் சுற்றினேன். கால் சுற்றுகூடப் போகாமல் நின்றது. இப்படி ஒரு சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள், செயின் மேலும் பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மேலும் தப்பில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். புது பேரிங்கின் சீல் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும், அதனால் சைக்கிள் சக்கரம் மாதிரி கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் இது அந்தப் பிடிப்பு இல்லை.

என்னுடைய கிராங்க் ஷிமானோ ஹாலோடெக் 2 வகை. வலது கிராங்கோடு 24 மி.மீ. அச்சு சேர்ந்தே வரும், இடது கிராங்க் அதன் மேல் ஏறும், அதை உள்ளே தள்ளுவது ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி. இந்த மூடியை விரலால் திருகும் அளவுக்கு, 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கினால் போதும். கிராங்கைப் பிடித்து நிறுத்துவது பக்கத்திலுள்ள இரண்டு ஆலன் போல்ட்தான். அவற்றை மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை முடுக்க வேண்டும். மூடியை அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் இரண்டு பக்கமும் நசுங்கும்.

சரி, அதுதான் கோளாறு என்று நினைத்து போல்ட்டைத் தளர்த்தி, மூடியை லேசாக முடுக்கினேன். கிராங்க் இலகுவாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு போல்ட்டுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும், அதன் முனை அச்சிலுள்ள துளைக்குள் போய் உட்கார வேண்டும். உட்காரவே இல்லை! அதாவது கிராங்க் அச்சில் முழுதாக ஏறவில்லை, அப்படியே ஓட்டினால் ஒருநாள் இறக்கத்தில் கழன்று காலோடு வந்துவிடும். பெடல் கனத்ததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் கழற்றினேன் (பேரிங் இருக்கும் கப் ஃபிரேமின் இரண்டு பக்கமும் உண்டு; வலது கப்பில் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும்). கப்போடு 2.5 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி வளையம்) மூன்று வரும். ஃபிரேமில் கப் திருகும் ஓட்டின் அகலம் 68 மி.மீ. என்றால் வலதில் இரண்டு, இடதில் ஒன்று. 73 என்றால் வலதில் ஒன்றே ஒன்று, இடதில் எதுவும் கிடையாது. இரண்டிலும் மொத்த அகலம் 75.5 வரும். வெர்னியர் வைத்து அளந்தேன், என்னுடையது 73. ஆனால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட்டிருந்தார்கள். அந்த 2.5 மி.மீ. கூடுதலைச் சமாளிக்கத்தான் மூடியை அத்தனை இறுக்கி கிராங்கை இழுத்திருக்கிறார்கள்.

இடது ஸ்பேசரை எடுத்தேன். பேரிங்கை விரல் விட்டுச் சுற்றிப் பார்த்தேன், இரண்டிலும் சொரசொரப்பு இல்லை, ஒரே ஒரு தடவைதான் ஓட்டியிருந்தேன் என்பதால் தப்பியது. மரையில் கிரீஸ் தடவித் திரும்பப் பூட்டினேன். தகட்டின் முனை துளைக்குள் டக்கென்று உட்கார்ந்தது. மறுநாள் காலை அதே மருதமலை ரோடு, தொடை எரியவில்லை.