குடியை விட்ட பிறகு கூட்டத்தைத் தேடி அலைந்த கதை

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றை, குடியை நிறுத்திப் பதினோராவது நாள்தான் தேட ஆரம்பித்தேன். அதற்கு முந்தைய நாட்கள் டாக்டர் கையில். அதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: தினமும் நிறையக் குடித்து வந்தவர் வைராக்கியம் பிடித்து ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கத்தோடு போகும் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம், அதன்பின் புத்தி தடுமாறி இல்லாதவையெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகலாம். முதலில் டாக்டர், அப்புறம்தான் குழு.

"மாத்திரை இருக்கட்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று டாக்டர் கேட்டார். முழித்தேன். குழு எதிலாவது சேருங்கள் என்றார். எங்கே என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

அன்றிரவு போனில் தேடினேன். முதலில் வந்தது 'இலவச உதவி எண்'. எடுத்தவர் பெயரைக் கேட்டார், உடனே காப்பீடு இருக்கிறதா என்றார். கூட்டம் எங்கே நடக்கிறது என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "படுக்கை தயாரா இருக்கு, நாளைக்கே வந்துடலாம்" என்ற பதில்தான். கட்டண மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு ஆள் பிடிக்கும் எண் அது. அடுத்த ஒரு வாரம் தினமும் அழைத்தார்கள். தங்கிச் சிகிச்சை எடுப்பது பலருக்குத் தேவைதான், அதில் குறையில்லை. ஆனால் நான் தேடியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் உட்கார்ந்து பேசியதில் தொடங்கிய ஏஏ. அங்கே கட்டணமே கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. யாராவது காப்பீட்டு எண் கேட்டால், நீங்கள் அழைத்தது வேறு இடம்.

அடுத்து ஏதோ ஓர் இணையப் பட்டியல். புதன்கிழமை, ஏழு மணி, முகவரி, எல்லாம் கச்சிதமாக இருந்தது. போனால் இரும்புக் கதவில் பூட்டு, பூட்டின் மேல் ஒட்டடை. "அவங்க காலி பண்ணி ஒரு வருஷம் இருக்கும்" என்றார் காவலாளி. 'அவங்க' என்று சொன்னபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். மணி 7.10. என் பழைய நேரம். நீதான் தேடி வந்தாயே, அவர்கள் இல்லாவிட்டால் நீ என்ன செய்வாய் என்று உள்ளே ஒரு குரல் எனக்காக வாதாடத் தொடங்கியது. அது நன்றாகவே வாதாடும், பல வருடப் பழக்கம். வந்த பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பினேன். அன்று தப்பித்தது அப்படித்தான்.

மூன்றாவது முறை சொதப்பியது நானே. பெயரில் 'அனான்' என்று கண்டதும் அவசரமாகக் கிளம்பிவிட்டேன். உள்ளே எட்டுப் பேர், பெரும்பாலும் பெண்கள். அது அல்-அனான். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கியது. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதனால் சொல்ல மாட்டேன். ஒளித்து வைத்த பாட்டில்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது எல்லா இடங்களும் எனக்கு முன்பே தெரிந்திருந்தன என்று மட்டும் சொல்லலாம். என் முறை வந்ததும் "நான்தாங்க குடிக்கிறவன்" என்றேன். அறையே அடங்கிப்போனது. அப்புறம் வயதான அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "தம்பி, இது உங்க வீட்டுக்காரங்க வர வேண்டிய இடம்" என்று சொல்லி, அங்கேயே போனை எடுத்து யாரையோ அழைத்து, எனக்கு ஒரு முகவரி வாங்கிக் கொடுத்தார்.

அந்த முகவரியைப் பார்த்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கூட்டம் நான் பார்த்த பட்டியலிலேயே இருந்தது. பக்கத்தில் 'மூடியது' என்று போட்டிருந்ததால், நின்றுபோன கூட்டம் என்று நினைத்துத் தாண்டியிருந்தேன். மூடிய கூட்டம் என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் வரலாம், திறந்த கூட்டம் என்றால் யாரும் வரலாம். அவ்வளவுதான் அர்த்தம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

கூட்டம் சுலபமாகவே இருந்தது. பேச விருப்பமில்லை என்றேன், சரி என்று அடுத்தவரிடம் போய்விட்டார்கள். செலவுக்காகத் தட்டு சுற்றி வந்தது, புதியவர் போட வேண்டாம் என்றார்கள். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் அடிக்கடி வருவது எனக்கு இன்னும் ஒட்டவில்லை. அதுவே உங்களுக்குத் தடையாக இருந்தால் ஸ்மார்ட் ரிகவரி என்று இன்னொன்று இருக்கிறது. அதில் கடவுள் பேச்சு இல்லை, இணைய வழியிலும் கலந்துகொள்ளலாம். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள், குழுவுக்குக் குழு ஆட்கள் வேறு, பேச்சும் வேறு.

கிளம்பும் முன் அந்தக் குழுவின் எண்ணை அழைத்து, "இந்த வாரம் நடக்குதா, எந்த வாசல்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கதவின் முகவரியை நீக்கச் சொல்லி அந்தப் பட்டியல்காரர்களுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்று காலை பார்த்தேன். புதன்கிழமை, ஏழு மணி, அப்படியே இருக்கிறது.